ஏழு சொற்களும் இரட்டைச் சகிப்பும்

கேள்வி: மதத்தையும் அரசையும் முற்றாகப் பிரித்தால்தான் மக்களாட்சி நிலைக்கும் என்றே படித்து வந்திருக்கிறேன். அரசறிவியல் பயிலும் என் மகளோ, ஆல்ஃபிரட் ஸ்டெபான் என்ற அறிஞர் அதை மறுத்திருப்பதாகச் சொல்கிறாள். முஸ்லிம் பெரும்பான்மை நாடுகளைப் பற்றி அவர் சொல்வது என்ன?
— ஒரு வாசகர், ராமகிருஷ்ணபுரம், புது தில்லி

பதில்: தங்கள் மகள் சொல்வது சரியே. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்து 2017இல் மறைந்த ஸ்டெபான், 2000இல் எழுதிய கட்டுரையில் ‘இரட்டைச் சகிப்பு’ என்ற கருத்தை முன்வைத்தார். (‘சகிப்பு’ என்னும்போது ஒரு முகச்சுளிப்பும் கூடவே வந்துவிடுகிறது, ‘பொறை’ என்றும் சொல்லலாம்.) மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் முடிவைத் தடுக்கும் தனி அதிகாரம் மத நிறுவனங்களுக்கு இருக்கக் கூடாது, மதத்தினர் வழிபடவும், சட்டத்துக்கு உட்பட்டு அரசியலில் பங்குகொள்ளவும் அரசு இடம்விட வேண்டும். இவ்விரண்டும் இருந்தால் இடையில் மதில் தேவையில்லை என்பது அவர் வாதம். இங்கிலாந்திலும் டென்மார்க்கிலும் அரசின் ஆதரவு பெற்ற திருச்சபைகள் உண்டு; அதற்காக அங்கே மக்களாட்சி இல்லை என்று எவரும் சொல்வதில்லை.

அவர் விரிவாக ஆராய்ந்த நாடு இந்தோனேசியா. முஸ்லிம்கள் ஷரியத்தைக் கடைப்பிடிக்கக் கடமைப்பட்டவர்கள் என்ற பொருள் தரும் ஏழு சொற்கள், அரசியலமைப்பின் முகவுரைக்கான வரைவாக 1945 ஜூனில் எழுதப்பட்ட ஜகார்த்தா சாசனத்தில் இருந்தன. கிறிஸ்தவர்கள் மிகுந்த கிழக்குத் தீவுகளின் அச்சத்தைக் கருதி, விடுதலை அறிவித்த மறுநாளே, ஆகஸ்ட் 18 அன்று, அவை நீக்கப்பட்டன. நீண்டகாலம் சர்வாதிகாரியாக ஆண்ட அதிபர் சுஹார்த்தோ 1998இல் வீழ்ந்தபின் அவற்றை மீண்டும் சேர்க்கச் சில கட்சிகள் முயன்றபோது, அந்நாட்டின் மிகப் பெரிய முஸ்லிம் அமைப்புகளான நஹ்தத்துல் உலமாவும் முஹம்மதியாவும் எதிர்த்து நின்றன. 2002இல் அம்முயற்சி தோற்றது. மார்க்க அறிஞர்களே வேண்டாம் என்றார்கள் என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. செனகலிலும் இதற்கொரு சாயல் உண்டு: முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள, சூஃபி நெறிகள் செல்வாக்குடன் விளங்கும் அந்நாட்டை 1960 முதல் இருபதாண்டுகள் ஆண்ட செங்கோர் ஒரு கத்தோலிக்கர்.

கேள்வி: அப்படியானால் இந்தோனேசியாவைக் குறையற்ற முன்மாதிரியாகக் கொள்ளலாமா?
— ஒரு வாசகி, மயூர் விகார், தில்லி

பதில்: கொள்ள முடியாது. அங்கே அரசு ஏற்றிருப்பவை ஆறு மதங்கள் மட்டுமே. அவற்றுக்கு வெளியே நிற்கும் பழங்குடி வழிபாட்டினரும், முஸ்லிம்களிலேயே அஹ்மதியாக்களும் படும் இடர்கள் கொஞ்சமல்ல. ஜகார்த்தாவின் ஆளுநராக இருந்த கிறிஸ்தவர் பாசுகி, குர்ஆன் வசனம் ஒன்றைக் குறித்துப் பேசியதற்காக 2017இல் மதநிந்தனைக் குற்றத்தில் இரண்டாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அவருக்கு எதிராகத் தெருவில் திரண்டவர்கள் மதத்தின் பெயரால் திரண்டார்கள். ஆனால் தண்டித்தது மத நிறுவனம் அன்று, 1965இலிருந்து வரும் சட்டத்தின் வழியே அரசின் நீதிமன்றம். ஸ்டெபானின் இரண்டு சகிப்புகளும் மத நிறுவனத்துக்கும் அரசுக்கும் இடையிலானவை. அரசே ஒரு மதத்தாரின் மனக்குறையைத் தன் வழக்காக ஏற்றுக்கொள்ளும் இத்தகைய இடத்தில் அவருடைய அளவுகோல் சற்றுக் குட்டையாகிவிடுகிறது.