டானிக்குக்கு நகையை வைக்காதீர்கள், கடை பாக்கிக்கு வையுங்கள்

கேள்வி: பெரம்பலூர் பக்கம் 3 ஏக்கரில் மானாவாரிப் பருத்தி போடுகிறேன். விதை, உரம், மருந்து எல்லாம் மச்சான் கடையில் கடன்தான், இரண்டு வட்டி. போன வருடம் 60,000 ரூபாய்க்கு எடுத்தேன். விளைந்த 18 குவிண்டாலையும் அவரே வாங்கிக்கொண்டார், வெளிவிலையைவிடக் குவிண்டாலுக்கு 600 ரூபாய் குறைத்து. காயெல்லாம் புழு. இன்னும் 40,000 பாக்கி நிற்கிறது. மகசூலைக் கூட்டப் புது டானிக் அடிக்கச் சொல்கிறார். வீட்டு நகையை அடகு வைக்கலாமா?

பதில்: முதலில் அந்த 60,000 ரூபாய் உங்களுக்கு என்ன செலவு வைத்தது என்று பாருங்கள். ஆறு மாத வட்டி 7,200. விலையில் விட்டது 10,800. கடனுக்கு வாங்கினால் சரக்கு விலையும் கூடத்தான் இருக்கும். அதற்கு ஒரு 4,000 வைப்போம். மொத்தம் 22,000. வருடக் கணக்கில் 70 சதவீதத்தைத் தாண்டுகிறது! எந்த மகசூல் இதைத் தாங்கும்?

நிலத்துக்கான சிட்டா, அடங்கல் ஆவணங்களோடு தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய்ப் பயிர்க்கடன் கேளுங்கள். தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் அதற்கு வட்டியே இல்லை. பருத்தியை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து ஏலத்துக்குக் கொண்டுபோங்கள். 2025-26க்கு மத்திய அரசின் ஆதார விலை குவிண்டாலுக்கு நடுத்தர இழைக்கு 7,710, நீண்ட இழைக்கு 8,110 ரூபாய். ஆதார விலைக்கு வாங்கும் இந்திய பருத்திக் கழகத்துக்குப் போடுவதானால் நன்றாகக் காயவையுங்கள். ஈரப்பதம் 8 சதவீதத்தைத் தாண்டினால் விலையில் பிடிப்பார்கள், 12-ஐத் தாண்டினால் வாங்கவே மாட்டார்கள்.

டானிக் வேண்டாம். நீங்கள் சொல்வது இளஞ்சிவப்புக் காய்ப்புழு என்றால் புழுவை எதிர்க்க மரபணு மாற்றிய பி.டி. விதை அதை இப்போது தடுப்பதில்லை; காய்க்குள் போய்விட்ட புழுவை மருந்தும் எட்டாது. பூ எடுக்கும் முன்பே ஆண் அந்துப்பூச்சியை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள், ரோஜாப்பூ மாதிரி மூடிக்கிடக்கும் பூக்களைப் பறித்து அழியுங்கள். கடைசி எடுப்பு முடிந்ததும் பருத்தி மாரை (எஞ்சிய செடியை) காட்டில் விடாதீர்கள், அடுத்த வருடப் புழு அதில்தான் காத்திருக்கிறது. எந்த மருந்து, எப்போது என்பதை வேப்பந்தட்டை பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். மருந்து விற்கிறவரே எதை அடிப்பது என்றும் முடிவு செய்வது சரியில்லை, அவர் மச்சானாக இருந்தாலும்.

சரி, நகை. அந்த 40,000 பாக்கியை அடைக்க மட்டும் வங்கியில் வையுங்கள். இரண்டு வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். வங்கியின் விவசாய நகைக்கடனில் அதில் பாதிகூட வராது. பணத்தைக் கொடுத்ததும் கணக்கு முடிந்தது என்று மச்சானிடம் எழுதி வாங்குங்கள். முகம் கோணுவார், பரவாயில்லை. வேண்டிய சாமானை அவர் கடையிலேயே வாங்கலாம், ஆனால் ரொக்கத்துக்கு, பில்லோடு.