ஆதித் திருச்சபை வரலாறு படித்தால் பிழைக்க முடியுமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கிய மகள் ஆதிக் கிறிஸ்தவ வரலாறுதான் படிப்பேன் என்கிறாள், வேலை கிடைக்குமா, விசுவாசம் போய்விடுமோ என்று இரண்டு கவலைகளை எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் வேலை. இந்தப் பாடத்துக்கென்றே இருக்கும் பணியிடங்கள் குறைவு. அதனால் இப்போது பி.ஏ. வரலாறு சேருங்கள். பி.எட்., டிஎன்பிஎஸ்சி, யுபிஎஸ்சி எல்லாவற்றுக்கும் அது உதவும். நடுவில் மனம் மாறினாலும் படித்தது வீணாகாது. எம்.ஏ.வில் குறிப்பிட்ட துறைக்குப் போகட்டும். சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே கிறிஸ்தவ ஆய்வுத் துறை இருக்கிறது. அப்புறம், கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வு. எம்.ஏ. எந்தப் பாடமோ அதைப் பொறுத்து வரலாற்றிலோ ஒப்பீட்டுச் சமயவியலிலோ எழுதலாம். அதில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் ஆய்வின் முதல் இரண்டு ஆண்டுகளில் மாதம் 37,000 ரூபாய் வரும். மதுரை அரசரடி, பெங்களூர் போன்ற இடங்களில் உள்ள இறையியல் கல்லூரிகள் முதன்மையாகச் சபைப் பணிக்கு ஆள் தயாரிப்பவை. அங்கே சேர்வதானால், அந்தப் பட்டம் அரசு வேலைக்கு ஏற்கப்படுமா என்று முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்டத்தைவிட முக்கியம் மொழி. இந்தத் துறைக்கு வரும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கம், ரோம ஆவணங்களுக்கு லத்தீன், மேற்காசியாவில் வளர்ந்த கீழைத் திருச்சபைகளுக்கு, அவற்றின் பழைய வழிபாட்டு மொழியான சிரியாக். கேரளத் திருச்சபைகளில் சிரியாக் கையெழுத்துப் பிரதிகள் நிறைய உண்டு; கோட்டயத்திலேயே அந்த மொழியைப் படிக்கலாம். இந்திய மாணவிக்கு இது பெரிய பலம் என்பது என் உறுதியான எண்ணம்.

படிப்பு எப்படி இருக்கும் என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். கி.பி. 112 வாக்கில், இன்றைய வட துருக்கிப் பகுதியின் ஆளுநர் பிளினி, ரோமப் பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடிப் பாடுகிறார்கள், அடிமைப் பெண்கள் இருவரைச் சித்திரவதை செய்து விசாரித்தேன், என் நடவடிக்கைக்குப் பிறகு கோயில்களில் பலியிட்ட விலங்குகளின் இறைச்சி மறுபடி விற்பனையாகிறது என்கிறார். வழிபாடு, சட்டம், சந்தை எல்லாம் ஒரே கடிதத்தில். எழுதியவரோ தண்டிக்கும் அதிகாரி. அவர் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்று அலசக் கற்றவளுக்கு ஆவணக் காப்பகம், பதிப்பகம், மொழிபெயர்ப்பு என்று பல இடங்களில் வேலை செய்யும் திறமை வந்துவிடும்.

சரி, விசுவாசம். நற்செய்தி நூல்கள் ஏறத்தாழ கி.பி. 65 முதல் 100 வரையிலான காலத்தில், அதாவது இயேசுவின் காலத்துக்குப் பல ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டவை என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. இதைப் படித்துவிட்டு வந்து அவள் கேள்வி கேட்பாள். அதட்டாமல் உட்கார்ந்து பேசுங்கள். இந்தத் துறையில் பெயர் பெற்ற பலர் ஆயர்களும் குருக்களும்தான்.

பி.ஏ. விண்ணப்பம் போடும் முன், திருச்சபை வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரிடம் அவளை அரை மணி நேரம் பேச வையுங்கள். கிரேக்கத்தை எங்கே, யாரிடம் தொடங்கலாம் என்பதை அவளே கேட்டுக்கொண்டு வரட்டும்.