பிள்ளை பெற்ற வீட்டிலிருந்து வந்த கேள்விகள்

பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து மகள் காரணமே இல்லாமல் அழுகிறாள். பயப்பட வேண்டுமா? (கோத்தகிரி)

வேண்டாம் அம்மா. பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு இப்படி வரும், பத்து நாளில் தானாக அடங்கும். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்காவிட்டால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

மனைவி முன்பு போல இல்லை. என்ன செய்வது? (குன்னூர்)

தம்பி, பிரசவமாகி எத்தனை வாரம், தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, இதற்கு முன் மனநலச் சிகிச்சை எடுத்திருக்கிறாரா என்று ஒன்றையும் எழுதவில்லை. இதை வைத்து நான் என்ன சொல்ல? இன்றிரவு குழந்தையை நீங்கள் வாங்கிக்கொண்டு, அவரைத் தொடர்ந்து ஐந்து மணி நேரம் தூங்க விடுங்கள். வாய்ப்பு கிடைத்தும் தூக்கம் வரவில்லை என்றால் அதையே டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். "உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். இரண்டுமே இதே சோர்வைக் காட்டும்.

கர்ப்பம் உறுதியானதும் தங்கையின் மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிட்டோம். சரிதானே? (மஞ்சூர்)

சரியில்லை. மாதம் தவறாமல் இப்படி ஒரு கடிதம் வருகிறது, மாத்திரையின் பெயர் மட்டும் எதிலும் இருப்பதில்லை. ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து ஐந்தாம் மாதத்தில் ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். மாமியார் மஞ்சப்பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தார். நாலு அட்டை, ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. கர்ப்பத்தில் இதெல்லாம் ஆகாது என்று மருந்துக் கடையில் யாரோ சொன்னாராம். அந்தப் பெண் மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, எடை குறைந்திருந்தது. அதுவும் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும் என்பதை அந்த வீட்டில் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளைக் கர்ப்பத்திலும் டாக்டர் கண்காணிப்பில் தொடரலாம். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் லித்தியம் என்றால் ரத்தத்தில் அதன் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். வலிப்புக்கும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் தரும் வால்ப்ரோயேட்டைத்தான் கர்ப்பத்தில் தவிர்க்கச் சொல்கிறோம், அது குழந்தையின் முதுகுத்தண்டையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கும். முதுகுத்தண்டு உருவாவது கரு உண்டான முதல் நாலு வாரத்தில், நாள் தள்ளிப்போய்ப் பரிசோதிப்பதற்குள் அது பெரும்பாலும் முடிந்திருக்கும். அதனால்தான் கல்யாணப் பேச்சின்போதே டாக்டரைக் கேளுங்கள் என்று கெஞ்சுகிறேன். எந்த மாத்திரையாக இருந்தாலும் தானாக நிறுத்தாதீர்கள். தங்கையை இந்த வாரமே, மாத்திரை அட்டையோடு, மருந்து எழுதிய டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

செர்ட்ராலின் சாப்பிடுகிறேன். தாய்ப்பால் கொடுக்கலாமா? (ஊட்டி)

கொடுக்கலாம். பாலில் மிகக் குறைவாகவே சேர்கிறது. குழந்தை குறைமாதம் என்றால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தானாக நிறுத்தாதீர்கள்.

குழந்தையோடு படியிறங்கும்போது கீழே போட்டுவிடுவேனோ என்று படம் படமாக ஓடுகிறது. நான் கெட்ட தாயா? (கூடலூர்)

இல்லை அம்மா. இந்த எண்ணம் உங்களை நடுங்க வைக்கிறது, தூக்கவே பயப்படுகிறீர்கள். இது எண்ணச் சுழற்சி நோய், பிள்ளை பெற்ற பலருக்கு வருவதுதான். பேச்சு சிகிச்சைக்கும் மாத்திரைக்கும் நன்றாகக் கேட்கும். வெட்கப்படாமல் டாக்டரிடம் இதை இப்படியே சொல்லுங்கள்.

பிரசவமாகி எட்டு நாள். மருமகள் மூன்று ராத்திரியாகத் தூங்கவில்லை, இது என் பிள்ளையே இல்லை என்கிறாள். மந்திரிக்கலாமா? (குந்தா)

இதைப் படித்ததும் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டுக்கு வரும் தீவிர மனநோய் இது, அவசர நோய். தாயையும் பிள்ளையையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள். மந்திரிப்பதை அப்புறம் பார்க்கலாம். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்று பயப்படாதீர்கள். மூன்று வயதுக்குள் உள்ள குழந்தையைச் சிகிச்சையிலிருக்கும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமே சொல்கிறது. பிள்ளைக்கு ஆபத்து என்றால் கொஞ்ச நாள் தள்ளி வைப்பார்கள், பிறகு சேர்த்துவிடுவார்கள்.

குளிருக்காக அறையைச் சாத்தி, கரி அடுப்பு வைத்துத் தாயையும் சேயையும் உள்ளேயே வைத்திருக்கிறோம். (கோத்தகிரி)

அடுப்பை இப்போதே வெளியே எடுங்கள். மூடிய அறையில் கரியிலிருந்து வரும் நச்சு வாயு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும். வெயில் ஏறியதும் தாயை வாசலில் உட்கார வையுங்கள், நாலு பேரோடு பேசட்டும்.

அப்பாவுக்கும் மனச்சோர்வு வருமா? (குன்னூர்)

வரும், ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு. அரசின் மனநல உதவி எண் 14416-ல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.