வெட்டும் முன் எழுதுங்கள்: 911 பின்பம்பர், சைலன்சர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் போர்ஷே 911-இன் பின்பக்கத்தைப் பற்றியவை. அதிலும் பெரும்பாலானவை 1974 முதல் 1989 வரை வந்த, பம்பர் ஓரத்தில் துருத்தி ரப்பர் வைத்த கார்கள். அதனால் மற்ற வண்டிக்காரர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுதுகிறவர்கள் மூன்று விவரங்களைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்: மாடல் ஆண்டு, கார் எந்த நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டது, எஞ்சின் எத்தனை லிட்டர். இதைப் பலமுறை கேட்டாகிவிட்டது.

கேள்வி: அமெரிக்க மாடல் 911 எஸ்.சி. (1979) வைத்திருக்கிறேன். பின்பம்பரில் நிற்கும் இரண்டு கறுப்பு ரப்பர் கட்டைகளைக் கழற்றினால் கார் அழகாக இருக்கும் என்று தோன்றுகிறது. கழற்றலாமா? (சான் ஹோசே)

கழற்றலாம். ஆனால் நம்பர் பிளேட் விளக்குகள் அந்தக் கட்டைகளுக்குள்தான் இருக்கின்றன. அவற்றைக் கழற்றியதும் பிளேட் இருட்டில் கிடக்கும், இரவில் போலீஸ் நிறுத்தும். முதலில் மாற்று விளக்குக்கு வழி செய்துவிட்டு, அப்புறம் ஸ்பானரை எடுங்கள். ஐரோப்பியக் கார்களில் வந்த சிறிய கட்டைகளைப் போட்டால் விளக்கும் இருக்கும், பின்பக்கமும் இளைத்துத் தெரியும். என் தேர்வு அதுதான்.

இந்தக் கட்டைகள் ஏன் வந்தன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசு பம்பர் விதி கொண்டுவந்தது. மணிக்கு 5 மைல், அதாவது சுமார் 8 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் விளக்குகளும் மற்ற பாதுகாப்பு உறுப்புகளும் கெடக்கூடாது என்பது அதன் சாரம். மற்றவர்கள் பலர் தண்டவாளம் போன்ற பம்பர்களை ஒட்டவைத்தபோது, போர்ஷே அலுமினியத்தில் பம்பர் செய்து, மோதினால் உள்ளே போக இடம் விட்டு, அந்த இடைவெளியைத் துருத்தியால் மூடியது. அமெரிக்கக் கார்களில் பம்பருக்குப் பின்னால் ஹைட்ராலிக் தாங்கிகள் இருக்கும். மற்ற நாட்டுக் கார்களில் பெரும்பாலும் மோதினால் நசுங்கும் குழாய்கள். உங்களுடையதில் எது என்று படுத்துப் பார்த்துவிட்டுப் பாகம் வாங்குங்கள்.

கேள்வி: என் 911-க்கு எந்த சைலன்சர் நல்லது? (ஊர் குறிப்பிடவில்லை)

ஊர் மட்டுமா, ஆண்டையும் குறிப்பிடவில்லை, எஞ்சினையும் குறிப்பிடவில்லை. 1974 வரையான கார்களில் சைலன்சருக்குள் இரண்டு குழாய்கள் நுழையும். 1975-க்குப் பிறகு இரண்டு பக்கப் புகையும் முன்பே ஒன்றுசேர்ந்து ஒரே குழாயாக நுழையும். ஒன்றுக்கான சைலன்சர் மற்றதில் பொருந்தாது. நான் ஒரு பெயரைச் சொல்லி, நீங்கள் காசைக் கட்டி, பெட்டியைத் திறந்த பிறகு தவறு தெரிவதில் யாருக்கு லாபம்? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: எவர்சில்வர் சைலன்சர் சத்தம் மாறிவிடும் என்கிறார்கள். உண்மையா? (லண்டன்)

தகடு மெல்லியதாக இருந்தால் சற்றுக் கணீரென்று ஒலிக்கும். சத்தத்தைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் அறைகளும் துளைக்குழாய்களும்தான். ஈரமான ஊரில் இருக்கிறீர்கள், எவர்சில்வரே வாங்குங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: எவர்சில்வர் நட்டும் போல்ட்டும் உலர்வாக முறுக்கினால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். மரையில் செம்பு கிரீஸ் தடவுங்கள்.

கேள்வி: துருத்தி ரப்பர் வெடித்துவிட்டது. ஒட்டலாமா?

ஒட்டாதீர்கள். புதிது வாங்குங்கள். மாட்டும்போது பம்பர் போல்ட்டுகளையும் பாருங்கள். அலுமினியத்தில் இரும்பு போல்ட் பல ஆண்டுகள் கிடந்தால் வெள்ளைப் பொடி பூத்து இறுகியிருக்கும்.

கேள்வி: குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் காருக்குள் லேசாகப் புகை வாசம் வருகிறது. கார் 1983. சைலன்சரை மாற்றினால் சரியாகுமா? (டொரண்டோ)

இந்தக் கடிதத்தைப் படித்ததும் மற்றதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டேன். தயவுசெய்து ஹீட்டரை இன்றே நிறுத்துங்கள். காரையும் சரிபார்க்கும் வரை ஓட்ட வேண்டாம்.

இந்தக் காரில் ரேடியேட்டர் தண்ணீர் கிடையாது. எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றி ஒரு தகட்டுச் சட்டை, அதுதான் ஹீட் எக்ஸ்சேஞ்சர். எஞ்சின் விசிறி தள்ளும் காற்று அந்தச் சட்டைக்குள் ஓடிச் சூடாகி, கதவுக்குக் கீழே உள்ள பெட்டிச் சட்டம் வழியாக உங்கள் காலடிக்கு வருகிறது. உள்ளே இருக்கும் குழாயில் துரு ஓட்டை விழுந்தால் புகை அந்தக் காற்றோடு நேரே காருக்குள் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது. உங்களுக்கு வந்த வாசம் கூட வரும் மற்றவற்றுடையது, அது வந்தது உங்கள் அதிர்ஷ்டம்.

வாசத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம். கீழ் வால்வு மூடியிலிருந்து எண்ணெய் கசிந்து சூடான சட்டைமேல் சொட்டினால் இப்படித்தான் நாறும். ஆனால் அதுவாக இருக்கும் என்று நம்பிக்கொண்டு ஓட்டக்கூடாது. டொரண்டோவில் சாலைக்கு உப்புப் போடுகிறார்கள், உங்கள் எக்ஸ்சேஞ்சருக்கு 40 வயது. கழற்றி, சட்டையின் இரண்டு முனையிலும் விளக்கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சைலன்சர் பற்றி அதன்பிறகு பேசலாம்.

கேள்வி: 1984 மாடல் 911 கரேரா, 3.2 லிட்டர் எஞ்சின். பந்தயக் கார் மாதிரி நடுவில் இரட்டைக் குழாய் வர வேண்டும். பின்பம்பரையும் கீழ்த் தகட்டையும் வெட்ட வேண்டும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். அரைநாள் வேலையாம். செய்யட்டுமா? (துபாய்)

வேண்டாம். காரணத்தை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மாதத்துக்கு ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். கேட்காமலே வெட்டிவிட்டு எழுதுகிறவர்கள் இன்னும் அதிகம்.

இந்தக் காரின் பின்பம்பர் அலுமினியம். இடது பக்கத்தில் குழாய் வெளிவருவதற்காக ஆலையிலேயே வளைவு விட்டிருக்கிறார்கள். எஞ்சின் பின்னால் தொங்குகிறது, அதற்கும் பின்னால் சைலன்சர் குறுக்கே படுத்திருக்கிறது, குழாய் இடது ஓரமாக வெளியே வருகிறது. நடுவில் வெளியே வரவேண்டுமென்றால் குழாயைத் திருப்பி வளைத்து, கீழ்த் தகட்டில் பெரிய வாய் வெட்ட வேண்டும். அப்படி வெட்டிய அலுமினியத்தை யாரும் பழையபடி ஒட்டித் தரமாட்டார்கள். வெல்டிங் செய்தால் சூட்டில் கோணிக்கொள்ளும், பட்டி வைத்து மறைக்க வேண்டியிருக்கும், அந்தப் பட்டி அடுத்த கோடையில் விரியும்.

அத்தோடு நின்றால் பரவாயில்லை. பட்டறைக்காரரின் கை பம்பரைத் தாண்டி பாடியின் பின்தகட்டுக்கும் போகும். 1976 மாடல் முதல் இந்தக் காரின் பாடிக்கு இரண்டு பக்கமும் துத்தநாகம் பூசப்பட்ட எஃகுத் தகட்டைப் போர்ஷே பயன்படுத்தியது. அன்றைக்கு அது பெரிய விஷயம். உங்கள் கார் இத்தனை வருடம் துருப்பிடிக்காமல் நிற்பதற்கு அதுதான் காரணம். துத்தநாகம் 420 டிகிரியில் உருகிவிடும். கிரைண்டர் வைத்து வெட்டும்போது விளிம்பில் அது போய்விடும், வெல்டிங் வைத்தால் விரல் நீளத்துக்குச் சுற்றிலும் எரிந்துபோகும். மிச்சம் வெறும் இரும்பு. அதன்மேல் சைலன்சர் சூடு, சக்கரம் அடிக்கும் தண்ணீர். இரண்டு மழைக்காலம் போதும். துபாயில் மழை இல்லை என்று சொல்வீர்கள், கடற்கரைக் காற்று இருக்கிறது. காரும் என்றென்றும் துபாயிலேயே இருக்கப்போவதில்லை.

சில வருடம் முன்பு ஒரு 3.2-ஐ வாங்குவதற்கு முன் பார்த்துச் சொல்லும்படி நண்பர் ஒருவர் அழைத்தார். வெளியே நல்ல பெயின்ட். கீழே படுத்துப் பார்த்தால் பின்தகடு முழுக்க வெட்டி, கையால் வளைத்த தகட்டை ரிவெட் அடித்து மூடியிருந்தார்கள். ரிவெட் துளை ஒவ்வொன்றைச் சுற்றியும் துரு. பம்பரைத் தாங்கும் இடத்தில் சுத்தியலால் தட்டினால் சத்தமே மாறியது. பழைய பம்பர் எங்கே என்று கேட்டேன். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். எந்தக் குறையும் இல்லாத அலுமினிய பம்பரை! அன்று மாலை முழுக்க எனக்கு மனசே சரியில்லை. இந்தக் கார்களை இனி யாரும் செய்யப்போவதில்லை. வெட்டிய ஒவ்வொன்றும் கணக்கில் குறைகிறது.

உங்களுக்கு வேண்டியது தோற்றம் என்றால் இடது பக்க வளைவிலேயே இரட்டை முனை வைத்த சைலன்சர் கிடைக்கிறது. எதையும் வெட்ட வேண்டாம். நடுக்குழாய்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், ஃபைபரில் ஒரு பின்பம்பரும் கீழ்த் தகடும் வாங்கி அதை வெட்டுங்கள். பாடியைத் தொட விடாதீர்கள். கழற்றிய பம்பரைத் துணி சுற்றி மச்சில் வையுங்கள். எப்போதும் சொல்வதுதான்: ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பழையபடி மாட்ட முடியாத எந்த மாற்றத்தையும் செய்யாதீர்கள்.

கேள்வி: ஃபைபர் பின்பம்பர் போட்டேன். குழாய் முனைக்கு மேலே பழுப்பு நிறமாகிறது. ஏன்? (மெல்போர்ன்)

இடைவெளி போதவில்லை. எஞ்சின் ரப்பர் தாங்கிகளில் உட்கார்ந்திருக்கிறது, சைலன்சர் எஞ்சினோடு பிணைந்தது. நீங்கள் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது குழாய் முனையும் ஆடும். கார் நிற்கும்போது அளந்த இடைவெளி ஓடும்போது இருக்காது. சுற்றிலும் ஒன்றரை விரற்கடையாவது விடுங்கள், ஃபைபரின் உள்பக்கம் அலுமினிய வெப்பத்தடுப்புத் தகடு ஒட்டுங்கள். எஞ்சின் தாங்கி ரப்பர் நைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பழுப்பு நிறத்தை அலட்சியப்படுத்தினால் அடுத்தது கொப்புளம்.

கேள்வி: 1982 எஸ்.சி.யை 1973 கரேரா ஆர்.எஸ். போல மாற்ற ஆசை. பின்பக்கத்தை மட்டும் முதலில் செய்யலாமா? ஜெர்மனியில் பழங்காலக் கார்களுக்குத் தரும் எச் எண் பாதிக்குமா? (ஸ்டுட்கார்ட்)

பின்பக்கம் சுலபம். துருத்தி பம்பர் பாடிக்கென்றே அளவெடுத்துச் செய்த பழைய பாணி ஃபைபர் பம்பர்கள் கிடைக்கின்றன. முன்பக்கம்தான் செலவு: பானெட், ஃபெண்டர் எல்லாம் மாற வேண்டும். பின்னால் 1973, முன்னால் 1982 என்று கார் நின்றால் பார்க்க நன்றாக இருக்காது. செய்தால் முழுக்கச் செய்யுங்கள்.

எச் எண்ணுக்கு 30 வயதைக் கடந்தால் மட்டும் போதாது, கார் அந்தக் காலத்துக்குரிய நிலையில் இருக்க வேண்டும். கார் பிறந்து முதல் பத்து ஆண்டுக்குள் வழக்கத்தில் இருந்த மாற்றங்களைத்தான் பொதுவாக ஏற்கிறார்கள். பாகம் வாங்குவதற்கு முன்பே படங்களோடு ஆய்வாளரைப் பாருங்கள். வாங்கிய பிறகு போனால் வாக்குவாதம் செய்யத்தான் நேரம் இருக்கும். கழற்றிய பம்பரை விற்காதீர்கள்.

கேள்வி: எஸ்.சி. எஞ்சினுக்கு, 1974 வரை வந்த பழைய பாணி ஹீட் எக்ஸ்சேஞ்சர் போட்டால் எத்தனை குதிரைத்திறன் கூடும்? (நியூ ஜெர்சி)

பத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். விளம்பரங்கள் இன்னும் பெரிதாகச் சொல்லும். ஓட்டத்தில் தெரிவது எண்ணிக்கையைவிட எஞ்சின் தளர்வாக ஏறுவதுதான், அது உண்மையாகவே நன்றாக இருக்கும். ஆனால் செலவை முழுதாகக் கணக்குப் போடுங்கள். எக்ஸ்சேஞ்சர் மாறினால் சைலன்சர் இரட்டை நுழைவுக்கு மாற வேண்டும், எண்ணெய்க் குழாய்களின் பாதையையும் மாற்ற வேண்டும். இந்த எண்ணெய்க் குழாய் விஷயத்தை விற்கிறவர்கள் கடைசியில்தான் சொல்கிறார்கள்.

இன்னொன்று. எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளையும் ஓர ரப்பரையும் அப்படியே திரும்ப மாட்டுங்கள். மேலே குளிர்ந்த காற்று, கீழே எக்ஸாஸ்ட் சூடு. இரண்டையும் பிரிப்பது அந்தத் தகடுகள்தான். வழியில் இடைஞ்சல் என்று ஒன்றை விட்டுவிட்டால் விசிறி கீழேயுள்ள சூட்டையே மறுபடி இழுக்கும். 1975-77 காலத்து 2.7 எஞ்சின்களின் கதி நினைவிருக்கட்டும். அமெரிக்கப் புகை விதிக்காக எக்ஸாஸ்டில் தெர்மல் ரியாக்டர் (புகையில் எரியாமல் மிஞ்சியதை எரிக்கும் அறை) வைத்தார்கள், அந்தச் சூட்டில் எஞ்சினின் மக்னீசியம் கேஸிலிருந்து, ஹெட்டைப் பிடித்திருக்கும் ஸ்டட்டுகள் (தலையில்லாத போல்ட்டுகள்) மரையோடு பிடுங்கிக்கொண்டு வந்தன. காற்றால் குளிரும் எஞ்சினில் சூடு எங்கே போகிறது என்று பார்க்காமல் எக்ஸாஸ்டில் கை வைக்கக் கூடாது.

கேள்வி: எக்ஸ்சேஞ்சர் கழற்றும்போது இரண்டு ஸ்டட் முறிந்துவிட்டன. துளை போட்டு எடுக்கலாமா?

சூடு காட்டாமல் முறுக்கியிருக்கிறீர்கள். இரும்பு ஸ்டட், அலுமினிய ஹெட், 40 வருடத் துரு. கைத்துரப்பணத்தால் துளை போட்டால் அது மென்மையான அலுமினியத்துக்குள் சறுக்கும், அப்புறம் ஹெட்டையே கழற்ற வேண்டும். முறிந்த முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்து, சூடு ஆறும்போது மெதுவாக முன்னும் பின்னும் அசைத்து எடுக்கலாம். உள்ளேயே முறிந்திருந்தால் வழிகாட்டிச் சட்டம் வைத்துத் துளைக்கும் ஆளிடம் கொடுங்கள். மிச்சமுள்ள ஸ்டட்டுகளில் இனி ஊதுவிளக்கு வைத்துச் சூடாக்காமல் கை வைக்காதீர்கள்.

கேள்வி: 1987 கரேராவில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு நேர்க் குழாய் போடலாமா? கலிஃபோர்னியா.

உங்கள் மாநிலத்தில் 1975 வரையான மாடல்களுக்குத்தான் புகைச் சோதனை விலக்கு. 1987-க்கு இல்லை. எடுக்காதீர்கள்.

கேள்வி: இந்தியாவில் பதிவான பழைய 911. சத்தமான எக்ஸாஸ்ட் போட்டால் சிக்கல் வருமா? (கோயம்புத்தூர்)

வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. கார் 50 வயதைத் தாண்டியது என்றால் 2021-இல் வந்த பழமை வாகனப் பதிவு விதியையும் படியுங்கள். மூல வடிவில் பராமரிக்கப்பட்ட வண்டிக்குத்தான் அது. ஆலையில் வந்ததே போன்ற சைலன்சரைப் போடுங்கள். உங்கள் கடிதத்தில் ஆண்டு இல்லை. அதை எழுதி அனுப்பினால் இரண்டு நுழைவா, ஒரு நுழைவா என்று சொல்கிறேன்.