ஆட்டுக்கு டிக்கெட் கேட்டிருந்தால்?

கேள்வி: எங்களுக்குப் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை. மகள் தமிழ் மீடியத்தில் நாலாம் வகுப்பு படிக்கிறாள். தாத்தா ஆட்டுக்குட்டியோடு வேலந்தாவளம் பஸ்ஸில் ஏறிய கதையை வீட்டில் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே சொல்வாள். எழுதச் சொன்னால் மட்டும் "ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது" என்று பாடப்புத்தகத்தில் உள்ளதை எழுதுகிறாள். நடுவில் மலையாளமும் கலந்துவிடுகிறது. தப்புகளைத் திருத்திக் கொடுத்தேன். இப்போது எழுதுவதையே விட்டுவிட்டாள். கதை எழுதச் சொல்லித்தரும் வகுப்பு எதிலாவது சேர்க்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, வகுப்பு இப்போதைக்கு வேண்டாம். உங்கள் மகளுக்குக் கதை சொல்லத் தெரியும். நீங்களே அதற்குச் சாட்சி. வாய் ஓடுகிற வேகத்துக்குக் கை ஓடவில்லை, அவ்வளவுதான். ஒன்பது வயதில் ஒரு வாக்கியம் எழுதி முடிப்பதற்குள், இது பெரிய றவா சின்ன ரவா என்ற யோசனையிலேயே அடுத்த வாக்கியம் மறந்துபோகும். சிங்கக் கதை என்றால் வாக்கியங்கள் தயாராகக் கிடைக்கின்றன, அதில் தப்பு வராது. அதனால் பிள்ளை அதை எடுத்துக்கொள்கிறாள்.

ஆகவே கொஞ்ச நாளைக்குப் பேனாவை நீங்கள் பிடியுங்கள். அவள் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். அவள் சொன்ன சொல்லை மாற்றாமல், அழகுபடுத்தாமல் எழுதுங்கள். முடிந்ததும் அவளுக்கே வாசித்துக் காட்டுங்கள். "இல்லம்மா, ஆடு முதல்ல கத்தலை, அப்புறம்தான் கத்துச்சு" என்பாள். கதையைச் செம்மை செய்கிற வேலையை அங்கே அவளே ஆரம்பித்துவிடுகிறாள்.

இது புதுமுறை ஒன்றும் இல்லை. ரஷ்ய எழுத்தாளர் லியோ டால்ஸ்டாய் 1859-ல் தன் ஊரான யாஸ்னயா பொல்யானாவில் விவசாயிகளின் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார். ஒருநாள் பழமொழி ஒன்றைச் சொல்லி, அதை வைத்துக் கதை எழுதச் சொன்னார். "நீங்களே எழுதுங்கள்" என்றார்கள் பிள்ளைகள். அவர் எழுத ஆரம்பித்ததும் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்து, இது சரியில்லை, அப்படி வரக்கூடாது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். கடைசியில் கதையைச் சொன்னது பிள்ளைகள், எழுதியது டால்ஸ்டாய். அந்த அனுபவத்தை 1862-ல் அவரே ஒரு கட்டுரையாக எழுதியிருக்கிறார்.

அடுத்தது கேள்வி கேட்பது. இதில்தான் பெரியவர்கள் அவசரப்படுகிறோம். கதை முடிந்த உடனே "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்டால், அடுத்த முறை அவள் நீதியை முதலில் தேடிவிட்டு, அதற்குத் தோதாகக் கதை கட்டுவாள். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் பற்றிக் கேளுங்கள். கண்டக்டர் என்ன சொன்னார்? பக்கத்து சீட்டில் யார்? ஆடு தாத்தாவின் துண்டைக் கடித்ததா? இவ்வளவும் நடந்த விஷயம். பிறகு ஒரே ஒரு 'நடக்காத' கேள்வி போடுங்கள். கண்டக்டர் ஆட்டுக்கும் டிக்கெட் கேட்டிருந்தால்? ஆடு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்து, எல்லை செக்போஸ்ட் தாண்டிப் போயிருந்தால்? பிள்ளை அதற்குப் பதில் சொல்லத் தொடங்கும்போது, நடந்த சம்பவம் அவளுடைய சொந்தக் கதையாக மாறத் தொடங்கும். பதிலுக்குக் காத்திருங்கள். நீங்களாக முடிவு எடுத்துக் கொடுக்காதீர்கள்.

மலையாளக் கலப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். கதையில் பேசுகிறவர் சேச்சி என்றால் சேச்சிதான். அதை அக்கா என்று திருத்தினால் அவர் வேறு ஆளாகிவிடுவார். கொங்கன்படைத் திருவிழாவும் பொங்கலும் ஒரே வருஷத்தில் பார்த்து வளர்கிற சித்தூர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு இரண்டு மொழியும் காதில் இருப்பது பெரிய கொடை. பேச்சில் வரும் மலையாளத்தை அப்படியே விடுங்கள். கதை சொல்லும் வாக்கியங்களில் வந்தால் மட்டும், "இதுக்குத் தமிழ்ல என்ன சொல்வே?" என்று ஒருமுறை கேளுங்கள். எழுத்துப் பிழை திருத்தும் வேலையை இன்னொரு நாளைக்குத் தள்ளிப் போடுங்கள். அன்றைக்கும் இரண்டு மூன்று பிழைக்கு மேல் வேண்டாம். சிவப்பு மை வேண்டவே வேண்டாம்.

இரண்டு மூன்று கதை சேர்ந்ததும் தாள்களை மடித்துத் தைத்து அட்டை போடுங்கள். படம் அவள் வரையட்டும். கேரளத்தில் கையெழுத்து மாசிகை போடாத பள்ளிக்கூடம் குறைவு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். கேரளத்தில் நூலக இயக்கத்தை வளர்த்த பி. என். பணிக்கர் நினைவாக ஜூன் 19-ல் வாசிப்பு தினம் கொண்டாடுவார்களே, அதையொட்டி வகுப்பிலேயே ஒரு தமிழ்க் கையெழுத்து இதழ் போடலாமா என்று ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். பள்ளியில் வித்யாரங்கம் கலா சாகித்ய வேதி என்கிற மாணவர் கலை இலக்கிய மன்றம் இருந்தால் அங்கேயும் அவள் கதையை வாசிக்கட்டும். போட்டிக்கு மட்டும் இப்போதே அனுப்பாதீர்கள். பரிசு வாங்கிய கதை எப்படி இருந்தது என்று பார்த்துவிட்டு, மறுபடி சிங்கத்திடம் போய்விடுவாள்.

கொஞ்ச நாளில் "நானே எழுதறேன்" என்று பேனாவைக் கேட்பாள். கொடுத்துவிடுங்கள். அதற்கப்புறம், உங்களுக்குக் காட்டாமல் மூடி வைக்கிற கதை ஒன்றும் வரலாம். அதை எடுத்துப் படிக்க வேண்டாம். "தோணும்போது காட்டு" என்று மட்டும் சொல்லி வையுங்கள்.