குமாரமங்கலம் என்பது ஊரா, குடும்பமா?

கே: பேரனுக்கு பாஸ்போர்ட் எடுக்கப் போனோம். சர்நேம் என்ற கட்டத்தைப் பார்த்து முழித்துக்கொண்டு நின்றோம், நமக்கெல்லாம் இனிஷியல்தானே? ஆனால் ஜெனரல் குமாரமங்கலம், மோகன் குமாரமங்கலம், ரங்கராஜன் குமாரமங்கலம் என்று இத்தனை பேர் இருக்கிறார்களே, எல்லாரும் ஒரே வீடா?
(ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்)

ப: ஒரே வீடுதான் அம்மா. குமாரமங்கலம் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்து ஊர். இன்றைக்கு நாமக்கல் மாவட்டம், 1997க்கு முன்னால் நம் சேலம் மாவட்டம். அந்த ஊர் ஜமீன்தார்தான் டாக்டர் ப. சுப்பராயன், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். அவர் நம்மைப் போல வெறும் இனிஷியலோடுதான் இருந்தார். ஊர்ப்பெயரைப் பெயருக்குப் பின்னால் வைத்துக்கொண்டது அவருடைய மகன்கள். மகள் பார்வதி, கணவர் பெயரைச் சேர்த்து பார்வதி கிருஷ்ணன் ஆனார், கோவை எம்.பி.யாக இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் அவர்தான்.

இந்த வீட்டில் எனக்கு எப்போதும் பெரிய ஆச்சரியம் எது தெரியுமா? இரண்டாம் உலகப்போர் சமயம். அண்ணன் பி.பி. குமாரமங்கலம் பிரிட்டிஷ் இந்திய ராணுவ அதிகாரியாகப் போருக்குப் போய் எதிரிகளிடம் கைதியாகச் சிக்குகிறார். தம்பி மோகனோ ஈட்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்துவிட்டு வந்து கம்யூனிஸ்ட் ஆகி, சென்னை சதி வழக்கில் அதே பிரிட்டிஷ் அரசால் சிறைக்கு அனுப்பப்படுகிறார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்! பெற்றவர்கள் மனசு என்ன பாடு பட்டிருக்கும்.

அப்புறம் அண்ணன் 1966இல் ராணுவத் தலைமைத் தளபதி ஆனார். தம்பி காங்கிரசுக்கு வந்து, இந்திரா காந்தி அமைச்சரவையில் உருக்கு, சுரங்கத் துறை அமைச்சர். நிலக்கரிச் சுரங்கங்கள் அரசுடைமை ஆனதில் அவர் பங்கு பெரியது. 1973 மே 31, டெல்லிக்குப் பக்கத்தில் நடந்த விமான விபத்தில் போய்விட்டார்.

மோகனின் மகன் ரங்கராஜனை உங்களுக்கே ஞாபகம் இருக்கும். 1984, 1989, 1991 என்று மூன்று முறை நம் சேலம் எம்.பி. பிறகு பாஜகவுக்குப் போய் திருச்சியில் ஜெயித்து மத்திய மின்துறை அமைச்சராக இருந்தவர், 2000 ஆகஸ்டில் காலமானார். அவர் சகோதரி லலிதா, 2014இல் தேசிய மகளிர் ஆணையத் தலைவர் ஆனவர்.

சரி, பேரன் விஷயம். இங்கே பெரும்பாலோர் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைத்தான் எழுதுகிறார்கள், நீங்களும் அதையே எழுதுங்கள். ஆதாரிலும் பள்ளிச் சான்றிதழிலும் அந்தப் பெயரின் ஆங்கில எழுத்து ஒன்றுகூட மாறாமல் இருக்கிறதா என்று மட்டும் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். வெளிநாடு போனால் பேரனை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அதையும் பிள்ளையிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.