கேளுங்க, சொல்றோம்: துவர்த்து, வெள்ளம், வாட்ஸ்அப்

கல்லூரித் தோழிகள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறோம். மதுரை, திருச்சி, சென்னை என்று ஆளுக்கொரு ஊர். "அப்பா நனஞ்சுகிட்டு வந்தாரு, துவர்த்தும் சாரமும் எடுத்துக் குடுத்தேன்" என்று எழுதினேன். உடனே ‘இது மலையாளமா?’ என்று கேட்டு சிரிப்பு ஸ்டிக்கராகக் குவித்துவிட்டார்கள். இனிமேல் எல்லோருக்கும் புரிகிற தமிழில்தான் எழுத வேண்டுமா?
- வாசகி, மார்த்தாண்டம்

எதற்கு? தலையைத் துவட்டு என்று அவர்கள் வீட்டிலும்தான் சொல்வார்கள், துவர்த்து அதற்கு நெருங்கிய சொந்தம். சாரம் மலாய்க்காரர்களின் சாரோங். இலங்கைத் தமிழர்களும் அதைச் சாரம் என்றேதான் கட்டுகிறார்கள். லுங்கி என்று எழுதுகிற சென்னைத் தோழி மட்டும் என்ன சங்கப் பாடலிலிருந்தா எடுத்தார்?

உங்கள் பக்கத்துச் சொல் எல்லாவற்றுக்கும் மலையாள முத்திரை குத்துவது பழைய வழக்கம். 1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என நாலு தாலுகாவும் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தன, அதுவரை திருவிதாங்கூர், கடைசி ஏழு வருடம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். பீரோவைத் துழாவினால் தாத்தா காலத்து நிலப்பத்திரம் மலையாளத்தில் கிடைக்கிற வீடுகள் இன்றைக்கும் உண்டு. அதனால் சில சொற்கள் அங்கிருந்து வந்ததும் உண்மைதான், ஆனால் பலவும் நாம் மறந்துவிட்டு உங்கள் பக்கத்தார் விடாமல் வைத்திருக்கிற தமிழ். ‘ஃபோன் விளிச்சேன்’ என்றால் சிரிக்கிறார்களே, அந்த விளிக்கென்றே தொல்காப்பியத்தில் விளிமரபு என்று தனி இயல் இருக்கிறது. ‘பைய வா’ என்கிற பைய, 1098-ஆம் குறளில் ‘பசையினள் பைய நகும்’ என்று உட்கார்ந்திருக்கிறது. ஸ்டிக்கர் அனுப்பிய தோழிக்கு அந்தக் குறளை அனுப்புங்கள், சண்டைக்கு இல்லை, சும்மா.

வெள்ளம் என்கிற ஒரே ஒரு சொல்லில் மட்டும் கவனம், உங்கள் பக்கம் அது தண்ணீர். ‘எங்க வீட்டுக்கு வெள்ளம் வந்திருச்சு, பெறவு பேசுறேன்’ என்று எழுதிவிட்டு நீங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு பைப்படிக்குப் போய்விடுவீர்கள். 2015 டிசம்பரைச் சென்னையில் பார்த்தவர் அந்த நேரத்துக்கு உங்களுக்குப் படகு தேடிக்கொண்டிருப்பார்.

மற்றபடி, ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்திலேயே அர்த்தம் எழுதி வைக்காதீர்கள். அவர்களாகக் கேட்கட்டும், பேச்சு வளரும்.

பள்ளி நண்பர்கள் குரூப்பில் காலையில் பூப்படம், ராத்திரி நிலாப்படம், நடுவில் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. பேசவைக்க வழி உண்டா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், செங்கோட்டை

இருக்கிறது சார். ‘எல்லாரும் நலமா’ என்று கேட்டால் கும்பிடு போடுகிற கைதான் வரும். ‘மரவள்ளிக்கிழங்குக்கு உங்க வீட்ல என்ன பேரு?’ என்று கேட்டுப் பாருங்கள். நாகர்கோவிலுக்குப் பெண் கொடுத்தவர் மரச்சீனி என்பார், சேலத்தில் வேலை பார்த்தவர் குச்சிக்கிழங்கு என்பார், புனலூரில் கடை வைத்திருப்பவர் கப்பை என்பார், உங்கள் பக்கத்தில் ஏழிலைக்கிழங்கு என்கிறவரும் இருப்பார். பெயரில் தொடங்குவது எப்படியும் சமையலில்தான் போய் நிற்கும். உள்பட்டையையும் சேர்த்து உரித்து, துண்டு போட்டு, மூடாமல் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணியைக் கொட்டணும் என்று ஒருவர் சொல்வார், எதற்கு வீணாகக் கொட்டணும் என்று இன்னொருவர் மல்லுக்கு நிற்பார். கொட்டச் சொல்கிறவர் பக்கம்தான் நியாயம், கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது, கொதித்த தண்ணியோடு அதில் ஒரு பங்கு போய்விடும். அப்புறம் தேங்காய், பச்சைமிளகாய், சீரகம் சதைத்துப் போட்டுப் பிசைவதா, அப்படியே சாளைக்கறி ஊற்றிக்கொள்வதா என்று அடுத்த சண்டை. நீங்கள் ஆசிரியர் இல்லையா, கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து வந்ததையும், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் அதைப் பரப்பியதையும் அப்போது எடுத்துவிடலாம். முதலிலேயே எடுத்தால் மறுபடி பூப்படம்தான்.

என் மகன் எதற்கெடுத்தாலும் ‘அடிபொளி’ என்று மெசேஜ் போடுகிறான். கண்டிக்கலாமா?
- வாசகர், பொள்ளாச்சி

அட்டகாசம் என்பதற்கு மலையாளத்தில் சொல்வதுதான் அது. பாலக்காடு பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரம், சொல் வராமல் இருக்குமா. மார்க் ஷீட்டுக்கும் அடிபொளி என்று போட்டால் மட்டும் விசாரியுங்கள்.

எங்கள் குரூப்பில் பாதிப்பேர் நகரி, புத்தூர்ப் பக்கம். ஆங்கில எழுத்தில்தான் தமிழ் எழுதுகிறார்கள், படிக்கத் தலை சுற்றுகிறது. தமிழில் எழுதச் சொன்னால் கோபம்.
- வாசகர், திருத்தணி

கோபம் நியாயம்தான். 1960-ல் திருத்தணி சென்னை ராஜ்ஜியத்துக்கு வந்தது, நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே நின்றன. வீட்டில் தமிழ் பேசி, பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படித்தவர்களிடம் போய் ழகரம் எங்கே என்று கேட்டால்? அவர்கள் வாய்ஸ் நோட் அனுப்பட்டும், பேச்சில் உங்களுக்கும் அவர்களுக்கும் ஒரு வித்தியாசமும் இருக்காது. தமிழ் படித்துவிட்டும் சோம்பலில் ஆங்கில எழுத்தைத் தட்டுகிறவர்களை மட்டும் பிடியுங்கள். ‘பள்ளிக்குப் பணம் கட்டினேன்’ என்று அவர்கள் போடுவதைப் பல்லிக்கு என்றும் படிக்கலாம், பலிக்கு என்றும் படிக்கலாம். தமிழ்99 விசைப்பலகை 1999-லிருந்து இருக்கிறது, இப்போது ஃபோனிலும் கிடைக்கிறது. கொஞ்சநாள் தப்பும் தவறுமாக வரும், வரட்டும்.

வாய்ஸ் நோட் மட்டும் ரெண்டு நிமிஷத்தைத் தாண்டக்கூடாது என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் பேச இருந்தால் நேராக ஃபோன் போடலாமே.